கைக்குழந்தை இல்லை, பால் மட்டும் சுரக்கிறது: கம்பத்து ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 36. ஊர் தேனி மாவட்டம் கம்பம் பக்கம். விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய் இருட்டும் நேரத்தில் திரும்புகிறவர். இரண்டு பிள்ளைகள், இளையவனுக்கு 9 வயது. அவன் பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்.

நான்கு மாதமாக இரண்டு மார்பிலும் பால் கசிகிறது. முதலில் ரவிக்கையில் ஈரம் தெரிந்தது, வியர்வை என்று விட்டுவிட்டார். பிறகு அழுத்தினால் வெள்ளையாக வந்தது. மாதவிலக்கும் தள்ளிப் போகவே கர்ப்பமோ என்று பயந்து, மெடிக்கலில் அட்டை வாங்கிச் சிறுநீரில் சோதித்தார். கர்ப்பம் இல்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. குளிக்கும்போது தினமும் இரண்டு பக்கமும் பிழிந்து, நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தினசரிப் பிழிதல் நோயின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. அதைப் பின்னால் பார்ப்போம்.

கையில் ஒரு ரத்தச் சோதனைத் தாளோடு வந்திருந்தார். பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் மில்லிலிட்டருக்கு 142 நானோகிராம். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 25-க்குள் இருக்க வேண்டியது. தாளின் பின்பக்கம் 'மூளை எம்.ஆர்.ஐ.' என்று யாரோ எழுதியிருந்தார்கள். ஸ்கேனுக்குப் பணம் புரட்ட நகையை அடகு வைப்பதா வேண்டாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

வைக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வர இரண்டு முறை மருந்துக் கணக்கு எடுக்க வேண்டியிருந்தது. முதல் முறை எடுத்தது அரைகுறைக் கணக்கு.

முதலில் கேட்டதும் பார்த்ததும்

பிள்ளை பெறாமல், அல்லது பால் மறக்கடித்து ஆறு மாதத்துக்கு மேல் ஆன பிறகு, பால் போன்ற நீர் வந்தால் அதை இயல்பு மீறிய பால் சுரப்பு என்கிறோம். எல்லா முலைக்காம்புக் கசிவும் இந்த வகையில் சேராது. அதனால் முதல் வேலை, வருவது பால்தானா என்று உறுதி செய்வது. நோயாளியைச் சற்று முன்னால் சாய்ந்து உட்காரச் சொல்லி, மார்பின் ஓரத்திலிருந்து கருவட்டம் நோக்கி விரல்களால் மெதுவாக நான்கு பக்கமும் தடவி அழுத்த வேண்டும். காம்பை மட்டும் கிள்ளிப் பார்ப்பது தவறு. வலிக்கும், எத்தனை துளையிலிருந்து வருகிறது என்பதும் தெரியாது.

இவருக்கு இரண்டு பக்கமும், ஒவ்வொரு காம்பிலும் பல துளைகளிலிருந்து, வெள்ளையாக வந்தது. கட்டி இல்லை, அக்குளில் நெறி கட்டவில்லை. இப்படி இருந்தால் பார்வை மார்பிலிருந்து தலைக்கும் கழுத்துக்கும் மாத்திரைப் பைக்கும் நகர வேண்டும். ஒரே பக்கம், ஒரே துளை, ரத்தமாகவோ தெளிந்த நீராகவோ தானாகவே வந்தால் வழியே வேறு. அது மார்பகச் சிகிச்சைப் பிரிவுக்கு உரியது. அல்ட்ராசவுண்ட், வயதைப் பொறுத்து மேமோகிராம் என்று போக வேண்டும், புரோலாக்டின் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. பச்சையாகவோ பழுப்பாகவோ பல துளைகளில் வருவது பெரும்பாலும் பால் குழாய் விரிவு. சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துச் சூடான் சாயம் போட்டுக் கொழுப்புத் துளிகள் தெரிகின்றனவா என்று பார்க்கலாம்.

தலைவலி எப்போதாவது, வெயிலில் நின்ற நாளில் மட்டும். பார்வைப் பரப்பை எதிரே உட்கார்ந்து விரலசைத்துச் சோதித்ததில் இரண்டு பக்க ஓரமும் தெரிந்தது. புரோலாக்டினைச் சுரப்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. பிட்யூட்டரிக் கட்டி பெரிதாகிப் பார்வை நரம்புச் சந்திப்பை அழுத்தினால் முதலில் போவது அந்த வெளியோரப் பார்வைதான். "பக்கத்துல வர்ற வண்டி தெரியல, மோதப் பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் காத்திருப்பு வரிசையில் உட்கார வைக்கக் கூடாது. இவருக்கு அந்தக் குறை இல்லை. நெஞ்சில் தீக்காயம், அக்கி, அறுவைத் தழும்பு எதுவும் இல்லை. இவையும் நரம்பு வழியாகப் பால் சுரப்பைத் தூண்டக்கூடியவை.

சோர்வு, மலச்சிக்கல், ஐந்து மாதத்தில் மூன்று கிலோ எடை ஏற்றம் இருந்தன. நாடி 76. கணுக்கால் அனிச்சை இயல்பாக இருந்தது, குரல் கரகரக்கவில்லை. மாதவிலக்கு முன்பு 30 நாளுக்கு ஒருமுறை. இப்போது கடைசியாக வந்து 70 நாள் ஆகிறது.

மருந்துக் கணக்கு, முதல் முறை

'வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?' என்ற கேள்விக்கு இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் 'இல்லை'தான். சர்க்கரை, பிரஷர், தைராய்டு மாத்திரைகளைத்தான் மருந்து என்று மனதில் வைத்திருப்பார்கள். மெடிக்கலில் பழைய அட்டையைக் காட்டி வாங்குவதும், கூட வேலை பார்ப்பவர் கொடுப்பதும், ஊசி போடுகிற இடத்தில் தாளில் மடித்துத் தருவதும் அந்தக் கணக்கில் வராது. எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சீட்டு கேரளத்தில் எழுதியது, மாத்திரை வாங்குவது தமிழ்நாட்டில். எழுதிய மருத்துவருக்கு அது எத்தனை மாதம் தொடர்ந்தது என்பது தெரியாது.

வயிற்றைப் பற்றித் தனியாகக் கேட்டதும் வந்தது: "வயித்துக்கு ஒரு கேஸ் மாத்திரை போடுவேன்க்கா, காலைல வெறும் வயித்துல. அது இல்லாட்டி நெஞ்சு எரியும்." செவிலியர் அடுத்த நாள் அட்டையை எடுத்து வரச் சொன்னார். பச்சையும் வெள்ளையுமான கேப்சூல். முன்பக்கம் பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர். பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் உண்மை இருந்தது: ராபிபிரசோல் 20 மி.கி., லெவோசல்பிரைடு 75 மி.கி., மெதுவாகக் கரையும் வகை. முதலில் பத்து நாளுக்கு எழுதித் தரப்பட்டது. ஏழு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் ராபிபிரசோலுக்குப் பால் சுரப்பில் பங்கு இல்லை. அது அமிலத்தைக் குறைக்கிறது. லெவோசல்பிரைடு இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்கச் சேர்க்கப்படுவது, டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்து. புரோலாக்டின் மற்ற பிட்யூட்டரி ஹார்மோன்களைப் போன்றதல்ல. மற்றவை மேலிருந்து 'சுர' என்று உத்தரவு வந்தால்தான் சுரக்கும். புரோலாக்டின் செல்கள் தாமாகவே சுரந்துகொண்டிருக்கும் குணமுள்ளவை, அவற்றை அடக்கி வைப்பது பிட்யூட்டரிக்கு மேலே மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸிலிருந்து ஓயாமல் இறங்கிவரும் டோபமின். மதகு அடைத்திருக்கும் வரைதான் தண்ணீர் நிற்கும். டோபமின் அந்தச் செல்லின் டி2 ஏற்பியில் உட்கார முடியாமல் ஒரு மருந்து மறித்தால் மதகு திறந்தது போலத்தான். இதே வகையைச் சேர்ந்த வாந்தி மருந்தான டோம்பெரிடோன் மூளைக்குள் அவ்வளவாகப் போகாது, அதனால் பாதுகாப்பானது என்று சொல்லப்படுவதுண்டு. ஆனால் பிட்யூட்டரி சுரப்பி மூளையின் ரத்தத் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது. டோம்பெரிடோன் அங்கே தாராளமாகப் போய்ச் சேரும்.

நம் ஊர்களில் கேஸ் கேப்சூல் என்ற பெயரில் விற்பவற்றில் அமிலம் குறைக்கும் மருந்தோடு டோம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்தவை ஏராளம். மனநல மருந்துகளான ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால் ஆகியவற்றை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கான புரோகுளோர்பெரசின், ரத்த அழுத்தத்துக்கான மெத்தில்டோபா, வெராபமில் ஆகியவை மறந்துபோகின்றன. ஒரு பக்கக் குறிப்பு: லெவோசல்பிரைடு மூளைக்குள்ளும் போகும். வயதானவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் கை நடுக்கமும் நடை தடுமாற்றமும் வரலாம். பாட்டியின் கை நடுங்கினாலும் கேஸ் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

ரத்தம் எடுத்த முறை

142 என்ற எண்ணை நம்புவதற்கு முன் அது எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். தூங்கி எழுந்த உடனே புரோலாக்டின் உயர்ந்திருக்கும். எழுந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து எடுப்பது நல்லது. அதற்கு முன் ஓட்டம், மலையேற்றம், உடலுறவு, மார்பைப் பிழிவது கூடாது. ஊசி கண்டு பயப்படுகிறவரைப் பத்து இருபது நிமிடம் உட்கார வைத்து எடுக்கலாம். அதே நாளில் மார்பைப் பரிசோதிப்பதாக இருந்தால் முதலில் ரத்தம், பிறகு பரிசோதனை. ஆனால் இந்தத் தவறுகள் எல்லாம் 30, 40, மிஞ்சினால் 50 வரை கொண்டுபோகும். 142-க்கு அவை காரணமாகாது.

அலகையும் பார்க்க வேண்டும். சில ஆய்வகங்கள் நானோகிராமில் தரும், சில லிட்டருக்கு மில்லி சர்வதேச அலகில். ஒரு நானோகிராம் ஏறக்குறைய 21 மில்லி அலகு. 25 நானோகிராமும் 530 மில்லி அலகும் ஒன்றுதான். போன மாதம் 58, இந்த மாதம் 400 என்று அலறிக்கொண்டு வருகிறவர்களில் சிலருக்கு உண்மையில் அளவு மூன்றில் ஒன்றாகக் குறைந்திருக்கும்.

எண்ணின் உயரம் ஓரளவு வழிகாட்டும். மருந்தால் வருவது பெரும்பாலும் 25-இலிருந்து 100 வரை, ஆனால் ரிஸ்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு, சல்பிரைடு வகைகள் 200-ஐயும் தாண்டலாம். 250-க்கு மேல் என்றால் புரோலாக்டின் சுரக்கும் பெரிய கட்டி என்ற சந்தேகம் வலுக்கும். இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, கட்டி மிகப் பெரிதாக இருந்து ஹார்மோன் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது சோதனைக் கருவி திணறி 80, 90 என்று பொய்யாகக் காட்டும். ஸ்கேனில் பெரிய கட்டி, ரத்தத்தில் சிறிய எண் என்றால் ஆய்வகத்தை அழைத்து நூறு மடங்கு நீர்த்து மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது, எண் உயர்ந்திருக்கும், பாலும் வராது, மாதவிலக்கும் ஒழுங்காக இருக்கும். எதிர்ப்புரதத்தோடு ஒட்டிப் பருத்துப்போன, வேலை செய்யாத புரோலாக்டின் அது. பாலிஎத்திலீன் கிளைக்கால் சேர்த்து வீழ்படிவாக்கிச் சோதித்தால் தெரியும். அவர்களுக்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை.

உடன் அனுப்பிய சோதனைகள் நான்குதான். ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்., கிரியாட்டினின், கல்லீரல் சோதனை. அறுவை செய்தவர்தானே, கர்ப்பம் எதற்கு என்று விடக் கூடாது. அறுவை தோற்பதும் உண்டு. சிறுநீரகம் கெட்டால் புரோலாக்டின் உடலிலிருந்து கழிவது குறையும், அதனால் கிரியாட்டினின். இவருக்குக் கர்ப்பம் இல்லை, கிரியாட்டினின் 0.7, கல்லீரல் சரி. டி.எஸ்.எச். மட்டும் 6.4 என்று லேசாக உயர்ந்திருந்தது. தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 இயல்பு.

தைராய்டு எங்கே நுழைகிறது

தைராய்டு சுரப்பி சுணங்கினால் ஹைப்போதலாமஸ் டி.ஆர்.எச். என்ற தூண்டலை அதிகமாக அனுப்பும். அது டி.எஸ்.எச்.-ஐ மட்டுமல்ல, புரோலாக்டினையும் தூண்டும். தைராய்டுக் குறைவால் பால் சுரப்பது அப்படித்தான். அதைவிட முக்கியம், கடுமையான தைராய்டுக் குறைவில் பிட்யூட்டரி முழுவதுமே வீங்கி ஸ்கேனில் கட்டி போலத் தெரியும். தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சின் கொடுத்தால் சில மாதங்களில் தானாக வடியும் அந்த வீக்கத்தை அறுவைக்குக் கொண்டுபோன தவறுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. டி.எஸ்.எச். வராமல் எம்.ஆர்.ஐ.க்கு எழுதக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆனால் இவருடைய 6.4-ஐ வைத்து 142-ஐ விளக்க முடியாது. டோபமின், டி.எஸ்.எச்.-ஐயும் கொஞ்சம் அடக்கி வைக்கிறது. டோபமினைத் தடுக்கும் மருந்து சாப்பிடும்போது டி.எஸ்.எச். லேசாக ஏறலாம். அன்றே தைராய்டு மாத்திரை எழுதியிருந்தால் வாழ்நாள் மாத்திரை ஒன்று காரணமில்லாமல் தொடங்கியிருக்கும். ஆறு வாரம் கழித்துப் பார்ப்பது என்று முடிவானது.

கேப்சூல் நிறுத்திய பிறகும் 58

சந்தேக மருந்தை நிறுத்தி மூன்று நாள் கழித்துப் புரோலாக்டின் பார்ப்பது வழக்கமான முறை. புரோலாக்டின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு மணி நேரம்கூட ஆகாது. மருந்து உடலை விட்டுப் போவதற்குத்தான் அந்த மூன்று நாள். இவர் கேப்சூலை நிறுத்தினார், ஐந்தாம் நாள் பிற்பகல் ரத்தம் கொடுத்தார். 58.

இறங்கியிருக்கிறது, ஆனால் இயல்புக்கு வரவில்லை. இந்த இடத்தில்தான் பலரும் ஸ்கேனுக்கு எழுதிவிடுவார்கள். எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எந்தக் குறையும் இல்லாத மனிதர்களில்கூட நூற்றுக்குப் பத்துப் பேருக்குப் பிட்யூட்டரியில் சின்னஞ்சிறு முடிச்சு ஸ்கேனில் தென்படும். இவருக்கும் அப்படி 3 மி.மீ. புள்ளி தெரிந்திருந்தால் 'மூளைக் கட்டி' என்ற பெயர் ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதற்குப் பதில் கேள்வி மாறியது. மருந்து என்ற சொல்லையே விட்டு, காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை வாயில் போடுவது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லச் சொன்னார் செவிலியர். கட்டஞ்சாயா, கேழ்வரகுக் கூழ், வெற்றிலை எல்லாம் வந்தன. ஜீப் ஏறும் இடம் வந்ததும் நின்றார்.

"ஏறும்போது வாந்தி வராம இருக்க ஒன்னு போடுவோம். ஜீப்ல எல்லாரும் போடுறதுதான். அதெல்லாம் மருந்தாக்கா?"

"இறங்கும்போதும் போடுவியாம்மா?"

"வளைவுல இறங்குறப்பத்தான் ரொம்பக் குமட்டும். அப்பவும் ஒன்னு."

டோம்பெரிடோன் 10 மி.கி. தினமும் இரண்டு. ரத்தம் கொடுத்த நாளிலும் காலையில் ஏறும்போது ஒன்று, அரை நாள் விடுப்பில் இறங்கும்போது ஒன்று போட்டுவிட்டு நேராக வந்திருந்தார். கேஸ் மாத்திரையை நிறுத்தச் சொன்னதை அப்படியே செய்திருந்தார். ஜீப் மாத்திரையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

அதையும் நிறுத்தி, பிழிந்து பார்ப்பதையும் நிறுத்தச் சொல்லி, எட்டாம் நாள் பார்த்ததில் 14.

பிழிவது ஏன் கூடாது? குழந்தை சப்பும்போது காம்பிலிருந்து போகும் நரம்புச் செய்தி டோபமினை அடக்கிப் புரோலாக்டினை ஏற்றுகிறது. விரல் செய்வதும் அதே வேலையைத்தான். ஹார்மோன் இயல்புக்கு வந்த பிறகும் தினசரி பிழிகிறவர்களுக்குப் பால் மாதக்கணக்கில் ஓடும். இறுக்கமில்லாத, ஆனால் உராயாத உள்ளாடை, குளிக்கும்போது கை படாமல் தண்ணீர் ஊற்றுவது, வாரம் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்காமல் இருப்பது, இவ்வளவுதான் சொல்லப்பட்டது. மல்லிகைப் பூ வைத்துக் கட்டலாமா என்று மாமியார் கேட்டனுப்பியிருந்தார். அது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. பிரசவத்துக்குப் பின் பால் வற்ற மல்லிகைப் பூவையும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் செய்த ஆய்வு 1988-இல் வெளியானது. பூ வைத்தவர்களுக்கும் புரோலாக்டின் குறைந்தது, மாத்திரையில் இன்னும் அதிகமாகக் குறைந்தது. ஆனால் அது பிரசவித்தவர்களுக்கான கதை. காரணம் மருந்தாக இருக்கும்போது பூ கட்டிக்கொண்டு மருந்தைத் தொடர்வதில் பயனில்லை.

நெஞ்செரிச்சலும் மலை வளைவும் அப்படியேதான் இருந்தன

மருந்தை நிறுத்து என்று சொல்லி அனுப்பினால் பத்தாம் நாள் அவர் அதே மெடிக்கலில் நிற்பார். அவருக்கு எரிச்சல் உண்மை, குமட்டல் உண்மை. எரிச்சலுக்கு ராபிபிரசோல் 20 மி.கி. தனியாக, கூட்டு இல்லாதது, காலை உணவுக்கு அரை மணி முன்னால், நான்கு வாரம். மாதக்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் சில வாரம் மிகையாகச் சுரக்கும். அதனால் நான்கு வாரத்துக்குப் பின் ஒருநாள் விட்டு ஒருநாள், எரிச்சல் வந்த நாளில் மட்டும் ஃபமோடிடின் 20 மி.கி. ஜீப் ஏறும் முன் வயிறு முட்டச் சாப்பிடாமல் பாதியும், தோட்டத்தில் இறங்கிய பின் மீதியும்.

வளைவுக்கு மெக்லிசின் 25 மி.கி., ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன். இது காதின் சமநிலை வழியாக வேலை செய்வது, புரோலாக்டினை ஏற்றாது. புரோமெத்தசின் வேண்டாம் என்று தவிர்க்கப்பட்டது, அதற்கும் டோபமினைத் தடுக்கும் குணம் கொஞ்சம் உண்டு. மெக்லிசின் தூக்கம் வரவழைக்கும். சரிவில் கத்தியோடு வேலை செய்கிறவர் என்பதால் முதல் மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லப்பட்டது. ஜீப்பில் பின்பக்கப் பலகையில் குறுக்காக உட்காராமல் முன் இருக்கையில் சாலையைப் பார்த்து உட்கார்ந்தால் பாதி நாள் மாத்திரையே தேவைப்படாது. முன் இருக்கை கிடைப்பது ஓட்டுநர் கையில் இருக்கிறது.

இதே பால் சுரப்பு ரிஸ்பெரிடோனால் வந்திருந்தால் இந்த வழி செல்லாது. மனநல மருந்தை மூன்று நாள்கூட நோயாளியோ பொது மருத்துவரோ தாமாக நிறுத்தக் கூடாது. எழுதியவரோடு பேசி, புரோலாக்டினை ஏற்றாத அரிபிபிரசோல் போன்றதற்கு மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். மாற்ற முடியாதபோது, மருந்து தொடங்கிய நாளும் பால் தொடங்கிய நாளும் ஒத்துவராவிட்டால், அப்போது எம்.ஆர்.ஐ. நியாயம்.

எல்லா மருந்தும் நின்று, தைராய்டும் சிறுநீரகமும் சரியாக இருந்து, எண் இறங்கவில்லை என்றாலும், தலைவலியோ பார்வைக் குறையோ இருந்தாலும், பிட்யூட்டரிக்கென்று குறிப்பிட்டு காடோலினியம் என்ற ஸ்கேன் மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். 'மூளை' என்று பொதுவாக எழுதினால் மெல்லிய வெட்டுகள் எடுக்க மாட்டார்கள், சிறு கட்டி தப்பிவிடும். 10 மி.மீ.க்குள் இருந்தால் சிறியது, அதற்கு மேல் பெரியது. பெரியதென்றால் பார்வைப் பரப்பைக் கருவியில் அளக்க வேண்டும். புரோலாக்டின் சுரக்கும் கட்டி அநேகமாக மாத்திரைக்கே அடங்கும். டோபமின் போல வேலை செய்யும் கேபர்கோலின் 0.25 மி.கி. வாரம் இருமுறை, இரவுச் சாப்பாட்டோடு தொடங்குவது வழக்கம். எழும்போது கிறுகிறுப்பு, குமட்டல் வரலாம். குழந்தைக்கு முயல்கிறவர்களுக்குப் பலர் புரோமோகிரிப்டினைத் தேர்வார்கள்.

இவருக்குக் கேபர்கோலின் தரப்படவில்லை. காரணம் மருந்து என்று தெரிந்த பிறகு அதன் மேல் இன்னொரு மருந்து தேவையில்லை.

தொடர் கவனிப்பு

ஜீப் மாத்திரை நின்ற 24-ஆம் நாள் மாதவிலக்கு வந்தது. பால் உடனே நிற்கவில்லை. ரத்த அளவு இயல்பான பிறகும் ஐந்து வாரம் ஈரம் இருந்தது, பின் வற்றியது. இது எதிர்பார்த்ததுதான், முன்பே சொல்லியும் வைக்கப்பட்டிருந்தது. ஆறாவது வாரம் டி.எஸ்.எச். 3.1. மூன்றாம் மாதம் மாதவிலக்கு 31 நாள் இடைவெளியில் வந்திருந்தது. சோர்வு குறைந்திருந்தது, எடையில் ஒரு கிலோ இறங்கியிருந்தது. புரோலாக்டின் மறுபடி பார்க்கத் தேவை இருக்கவில்லை. அறுவை செய்யாதவராக இருந்தால் இந்தக் கட்டத்தில் கருத்தடை பற்றிப் பேசியிருக்க வேண்டும். மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகி, கர்ப்பம் தரித்துவிடலாம்.

அவருடைய நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் மூன்று பெயர்கள் தமிழில் எழுதித் தரப்பட்டன: லெவோசல்பிரைடு, டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு. மெடிக்கலில் எந்த வயிற்று மாத்திரை கொடுத்தாலும் 'இந்த மூன்றும் இதில் இருக்கிறதா?' என்று கடைக்காரரிடமே படிக்கச் சொல்லிக் கேட்பதற்காக. மூன்றாம் மாதம் வந்தபோது அந்தப் பக்கத்தை ஜீப்பில் வரும் வேறு இருவர் போனில் படம் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். அவர்களில் ஒருவரிடம் இருந்த அட்டையில் பான்டோபிரசோல் 40 மி.கி.யும் டோம்பெரிடோன் 30 மி.கி.யும் இருந்தன. அவருக்கும் மாதவிலக்கு இரண்டு மாதமாகத் தள்ளிப் போயிருந்தது. முதலில் கர்ப்பச் சோதனை செய்யச் சொல்லி அனுப்பப்பட்டது.